அளவெடுத்துச் செய்யும் சைக்கிள் பிரேம்



சட்டை தைக்கக் கொடுத்தால், தையற்காரர் தோளையும் கையையும் அளந்து குறித்துக்கொள்கிறார். செருப்பு வாங்கினால், ஐந்தாம் எண்ணா ஆறாம் எண்ணா என்று காலிட்டுப் பார்த்தே வாங்குகிறோம். ஆனால், உடல் முழுவதையும் நாள்தோறும் தாங்கிச் செல்லும் சைக்கிளை வாங்கும்போது மட்டும், கடையில் உள்ள இரண்டு மூன்று உயரங்களுள் ஒன்றைத் தெரிந்தெடுத்து, இருக்கையைச் சற்றே ஏற்றியோ இறக்கியோ வைத்துக்கொண்டு திருப்தியடைந்துவிடுகிறோம்.

உத்தியோகம் ஏற்று டில்லிக்கு வந்த புதிதில் நாம் வாங்கிய சைக்கிள் 22 அங்குல உயரமுடையது. நம் உயரத்திற்கு அது மிகை. கீழே கால் ஊன்றினால் பார் இடித்தது. ஏறி அமர்ந்தால் கைப்பிடியை எட்டிப் பிடிக்க முதுகு வளைந்தது. கடைக்காரரிடம் சென்று முறையிட்டபோது, "ஆதத் ஹோ ஜாயேகீ" என்றார். பழகிவிடும் என்பது அதன் பொருள். அவர் வாக்குப் பொய்க்கவில்லை, பழகித்தான் விட்டது. கூடவே மணிக்கட்டு வலியும் பழகிவிட்டது. வண்டிக்கு உடல் பழகுவதா, உடலுக்கேற்ப வண்டி அமைவதா என்ற வினா அன்று எழுந்தது. உடலுக்கேற்ப வண்டி அமைத்துக் கொடுப்பதையே பிழைப்பாகக் கொண்டவர்கள் பல நாடுகளில் இருக்கின்றனர் என்பதைப் பின்னர்ப் படித்தறிந்தோம். அவர்களுடைய தொழில் எத்தகையது, பிரேம் எவ்வாறு உருவாகிறது, அச்சிறுதொழிலின் வரவுசெலவு எப்படி நிற்கிறது என்பனவற்றை இன்று விளக்க விரும்புகிறோம்.

சைக்கிளின் எலும்புக்கூட்டைச் சட்டகம் என்று எழுதுவாரும் உண்டு. கடைத்தெருவில் அதற்குப் பிரேம் என்றே பெயர். நாமும் அவ்வாறே வழங்குவோம்.

இன்று நாம் காணும் சைக்கிளின் முன்மாதிரி 1885-ஆம் ஆண்டில் தோன்றியது. இங்கிலாந்தின் கோவென்ட்ரி நகரில் ஜான் கெம்ப் ஸ்டார்லி என்பவர் அமைத்த 'ரோவர்' வண்டியே அது. அதற்கு முன் இருந்த வண்டிகளில் முன்சக்கரம் ஆளுயரம் இருந்தது. ஸ்டார்லி இரு சக்கரங்களையும் ஏறத்தாழ ஒரே அளவாக்கி, மிதிக்கும் விசையைச் சங்கிலி வழியே பின்சக்கரத்திற்குச் செலுத்தினார். 1888-இல் டன்லப் காற்றடைத்த டயரை அமைத்த பின்னர், சைக்கிள் மோகம் ஐரோப்பாவையும் அமெரிக்காவையும் ஒருங்கே பற்றிக்கொண்டது. ஊர்தோறும் சிறு பட்டறைகள் முளைத்தன.

அப்பட்டறைகளுள் ஒன்றை உலகம் வேறொரு காரணத்தால் நினைவில் வைத்திருக்கிறது. அமெரிக்காவின் ஓஹையோ மாநிலத்து டேட்டன் நகரில் ரைட் சகோதரர்கள் 1892-இல் சைக்கிள் கடை திறந்தனர். முதலில் பிறர் செய்தவற்றை விற்றும் பழுதுபார்த்தும் வந்தனர். 1896 முதல் 'வான் கிளீவ்' என்ற பெயரில் தாமே சைக்கிள்களைச் செய்து விற்றனர். பெரிய ஆலைகள் மலிவான வண்டிகளைக் குவித்துக்கொண்டிருந்த காலத்தில், இவர்கள் கேட்டவருக்குக் கேட்டபடி கையால் செய்து கொடுத்தனர். 1903-இல் வானேறிய விமானத்தின் ஆராய்ச்சிக்கு வேண்டிய பொருளை ஈட்டித் தந்தது அந்தக் கடையே. சிறுதொழில் என்பது சிறுமையான தொழில் அன்று என்பதற்கு இதனினும் சான்று வேண்டுவதில்லை.

ஆலைகள் பெருகிய பின்னும் அளவெடுத்துச் செய்வோர் அழிந்துவிடவில்லை. பந்தய வீரர்கள் அவர்களை வாழவைத்தனர். இத்தாலியின் மிலான் நகரில், விகோரெல்லி பந்தயத் திடலை ஒட்டியே பாலியெரோ மாசி தமது பட்டறையை வைத்திருந்தார். அந்நகருக்கு அருகிலுள்ள காம்பியாகோ என்னும் சிற்றூரில் எர்னஸ்டோ கொல்னாகோ 1950-களில் ஒரு சிறு கடையில் தொழில் தொடங்கினார். 1972-இல் பெல்ஜிய வீரர் எட்டி மெர்க்ஸ் மெக்சிகோ நகரில் ஒரு மணி நேரத்தில் 49.431 கிலோமீட்டர் கடந்து சாதனை புரிந்தது அவர் செய்து கொடுத்த வண்டியில்தான். ஜப்பானில் 1948-இல் கோக்குரா நகரில் 'கெய்ரின்' என்னும் பந்தயம் தொடங்கியது. இதில் ஓடும் வண்டிகளின் பிரேம் எஃகாலேயே ஆகியிருக்க வேண்டும். அதைச் செய்பவரும் அங்கீகாரம் பெற்றவராக இருக்க வேண்டும் என்பது விதி. இவ்விதியால் அந்நாட்டின் சிறு பட்டறைகள் பல நிலைத்து நின்றன. 1977 முதல் 1986 வரை பத்து ஆண்டுகள் இடைவிடாது விரைவோட்டத்தில் உலக வாகையர் பட்டம் பெற்ற கோயிச்சி நக்கானோவுக்கு வண்டி செய்து கொடுத்த நாகசாவா அத்தகைய பட்டறைக்காரரே.

வீரர்களுக்கு மட்டுமே இது பயன்படும் என்று எண்ணிவிடக் கூடாது. அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்தைச் சேர்ந்த ஜார்ஜினா டெர்ரி என்னும் எந்திரப் பொறியாளர், தம் வீட்டின் நிலவறையில் பிரேம் செய்து பழகினார். கடைகளில் விற்கும் சைக்கிள்கள் ஆண்களின் உடலளவை வைத்தே அமைக்கப்படுகின்றன. குள்ளமான பெண்களுக்கு அவை ஒத்துவருவதில்லை என்பதை அவர் கண்டார். பிரேமை மட்டும் சிறிதாக்கினால், மிதிக்கும்போது காற்பெருவிரல் முன்சக்கரத்தில் இடிக்கும். ஆகவே, முன்சக்கரத்தையே 24 அங்குலமாகக் குறைத்து, பின்சக்கரத்தை வழக்கமான அளவில் விட்டு ஒரு வண்டியை அமைத்தார். 1985-இல் அதையே ஒரு வியாபாரமாகத் தொடங்கினார். எவரும் கவனியாத ஒரு குறையைக் கண்டறிந்து தீர்த்ததே அவருக்கு மூலதனமாயிற்று.

இனி, பிரேம் உருவாகும் முறையைக் காண்போம். 

முதற்படி அளவெடுத்தல். உயரத்தை மட்டும் அறிந்தால் போதாது. கவட்டிலிருந்து தரை வரையுள்ள கால் நீளம், உடற்பகுதியின் நீளம், கை நீளம், தோளகலம் ஆகிய அனைத்தும் வேண்டும். ஒரே உயரமுள்ள இருவருள் ஒருவருக்குக் கால் நீண்டும் மற்றவருக்கு உடல் நீண்டும் இருக்கலாம்; அவ்விருவருக்கும் ஒரே பிரேம் பொருந்தாது. இவற்றோடு, அவர் வண்டியை எதற்குப் பயன்படுத்துவார், எவ்வளவு தூரம் போவார், எவ்வளவு சுமை ஏற்றுவார், பழைய காயமோ முழங்கால் வலியோ உண்டா என்பனவற்றையும் கேட்டறிய வேண்டும். நல்ல வைத்தியர் நாடி பிடிப்பதற்கு முன் நோயாளியைப் பேசவிடுவதைப் போன்றது இது.

பின்னர், முழு அளவில் ஒரு வரைபடம் வரையப்படுகிறது. முன்புறக் குழாய் எவ்வளவு சாய்ந்திருக்க வேண்டும் என்பது இதில் முக்கியமானது. நம் நாட்டுப் பழைய பாணிச் சைக்கிள்களில் அது நன்றாகச் சாய்ந்திருக்கும். பந்தய வண்டிகளில் 73 பாகை அளவில் நிமிர்ந்திருக்கும். இச்சாய்வையும், முன் போர்க்கின் வளைவையும் சேர்த்துக் கணக்கிட்டால், கைப்பிடி திரும்பும் அச்சு தரையைத் தொடும் இடத்திற்கும், சக்கரம் தரையைத் தொடும் இடத்திற்கும் உள்ள தூரம் கிடைக்கும். 73 பாகைச் சாய்வும் 45 மில்லிமீட்டர் வளைவும் இருந்தால், சாதாரணப் பந்தயச் சக்கரத்திற்கு இது ஏறத்தாழ 57 மில்லிமீட்டர் வரும். இத்தூரம் மிகக் குறைந்தால் வண்டி கைக்கு அடங்காமல் அலைபாயும். மிக அதிகமானால் திருப்புவதற்குக் கனக்கும். ஓட்டுபவர் இதையெல்லாம் அறியமாட்டார். வண்டி 'சொன்னபடி கேட்கிறது' என்று மட்டும் சொல்வார்.

இரண்டாவது, குழாய். இதற்கு ஒரு வரலாறு உண்டு. இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரில் ரெனால்ட்ஸ் குடும்பத்தினர் ஆணி செய்து வந்தனர். சைக்கிள் செய்வோருக்கு அக்காலத்தில் ஒரு சங்கடம் இருந்தது. குழாய் தடித்திருந்தால் வண்டி கனக்கிறது. மெலிந்திருந்தால் இணைப்பில் முறிகிறது. ஆல்பிரட் ரெனால்ட்ஸ் இதற்கு ஒரு வழி கண்டு 1897-இல் உரிமை பெற்றார். குழாயின் வெளிச்சுற்றளவை மாற்றாமல், உட்புறத்தில் இரு முனைகளிலும் மட்டும் சுவரைத் தடிப்பாக்கி, நடுவில் மெல்லியதாக விட்டுவிடுவதே அவ்வழி. இணைப்பு இருக்கும் இடத்தில் வலிமை. இல்லாத இடத்தில் இலேசு. 1935-இல் அதே நிறுவனம் மாங்கனீஸும் மாலிப்டினமும் கலந்த '531' என்னும் எஃகுக் குழாயை வெளியிட்டது. முனைகளில் ஒரு மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவாகவும், நடுவில் அதைவிட மெலிந்தும் இருக்கும் இத்தகைய குழாய்களே இன்றும் கைவினைப் பிரேம்களுக்கு அடிப்படை. மிலானில் 1919-இல் தோன்றிய கொலம்பஸ் நிறுவனமும் இவ்வகைக் குழாய்களுக்குப் பெயர்பெற்றது.

மூன்றாவது, குழாய்களைப் பொருத்துதல். ஒரு குழாயின் முனை மற்றொரு குழாயின் வளைந்த மேனியில் இடுக்கின்றி உட்கார வேண்டும். இதற்காக முனையைப் பிறை வடிவில் அரைவட்ட அரத்தால் அராவுகின்றனர். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் இடைவெளியில் ஒளிக்கீற்றுத் தெரியக் கூடாது. வேலையின் பெரும் பொழுது இவ்வராவுதலிலேயே கழிகிறது. அராவிய குழாய்களை 'ஜிக்' எனப்படும் பிடிப்புச் சட்டத்தில் கோணம் பிசகாமல் நிறுத்தி, இணைக்கத் தொடங்குவர்.

இணைப்பில் மூன்று முறைகள் உண்டு. உலக்கைக்குப் பூண் போடுவது போல, குழாய்கள் கூடும் இடத்தில் 'லக்' என்னும் எஃகுப் பூணைச் செருகி, இடையில் பற்றாசை உருக்கி ஓடவிடுவது முதல் முறை. பூணில்லாமல், சந்தியைச் சுற்றிப் பித்தளையை வழுவழுப்பாக வார்த்து இணைப்பது இரண்டாம் முறை. குழாய்களையே உருக்கி ஒன்றாக்கும் மின்வில் பற்றவைப்பு மூன்றாம் முறை. முதல் முறையில் நம் பொற்கொல்லர்களின் வேலையைக் காணலாம். வெண்காரம் போன்ற மருந்தைப் பூசி, தீச்சுடரால் பூணைச் சீராகச் சுடவைத்துப் பற்றாசுக் கம்பியைத் தொட்டால், திரியில் எண்ணெய் ஏறுவது போல அது மயிரிழை இடுக்கினுள் தானே ஏறிப் பரவும். பித்தளைப் பற்றாசுக்கு ஏறத்தாழ 900 பாகை சென்டிகிரேடு வெப்பம் வேண்டும். வெள்ளி கலந்த பற்றாசு 700 பாகைக்குள்ளேயே உருகிவிடும். வெப்பம் குறைந்தால் பற்றாசு உள்ளே ஏறாது. மிகுந்தால் எஃகே பலமிழக்கும். இரண்டு பிழையும் வெளியே தெரியா. வண்ணம் பூசிய பின் செய்தவனுக்கே தெரியா.

இத்தொழிலின் பெரும் பொறுப்பு இங்கேதான் இருக்கிறது. வெளியே பளபளக்கும் இணைப்பு உள்ளே பாதிதான் பிடித்திருந்தால், ஒரு நாள் இறக்கத்தில் விரைந்து வரும்போது முன் போர்க் முறியலாம். ஓட்டுபவர் முகங்குப்புற வீழ்வார். ஆகவே, பழகுகிற காலத்தில் ஒவ்வொரு மாதிரி இணைப்பையும் நெடுக்காக அறுத்துப் பார்த்து, பற்றாசு முற்றும் பரவியுள்ளதா என்று சோதிப்பது ஒழுங்கு. 1976-இல் ரெனால்ட்ஸ் நிறுவனம் மிக மெல்லிய '753' குழாயைக் கொணர்ந்தபோது, மாதிரி இணைப்புச் செய்து அனுப்பிச் சோதனையில் தேறிய பட்டறைகளுக்கே அதை விற்றது. பணம் கொடுத்தாலும் தேறாதவருக்குக் கிடையாது.

நான்காவதாக, குளிர்ந்த பிரேமைச் சமதளப் பலகையில் வைத்துக் கோட்டம் பார்க்கின்றனர். வெப்பத்தில் எஃகு சற்றே இழுத்துக்கொள்ளும். இரு சக்கரங்களும் ஒரே கோட்டில் ஓட வேண்டுமானால், கோட்டம் ஒரு மில்லிமீட்டருக்குள் நிற்க வேண்டும். பின்னர் அரமும் உப்புத்தாளும் கொண்டு மெருகிட்டு, திருகுமரைகளைச் சீர்செய்து, வண்ணம் பூச அனுப்புவர்.

இவ்வளவும் கற்றுத் தேறியவனுக்குப் பிழைப்புக் கிடைத்துவிடுமா என்றால், அதற்கு விடை கணக்கில் இருக்கிறது. தீயை ஆளத் தெரிந்தும் நாளை ஆளத் தெரியாமையால் கடையை மூடியவர்கள் இத்தொழிலில் பலர். ஓர் உதாரணக் கணக்கை எடுத்துக்கொள்வோம். எண்கள் விளக்கத்திற்காக நாம் வைத்துக்கொண்டவை, முறைதான் முக்கியம்.

ஒருவர் வாரத்திற்கு 40 மணியாக ஆண்டில் 50 வாரம் உழைத்தால் 2,000 மணி. இவை முழுவதும் அரத்தோடும் சுடரோடும் கழியும் என்று தொடக்கக்காரர் எண்ணுகிறார். உண்மையில், வாடிக்கைக்காரரோடு பேசுதல், கடிதம் எழுதுதல், பொருள் வாங்கப் போதல், கணக்கெழுதுதல், பட்டறையைக் கூட்டுதல் முதலியவற்றில் பாதி போய்விடும். எஞ்சுவது 1,000 மணி. ஒரு பிரேமுக்கு 40 மணி என்றால் ஆண்டில் 25 பிரேம்கள். அதற்குமேல் ஒற்றை ஆளால் ஆகாது.

பட்டறை வாடகை, மின்சாரம், வாயு, காப்பீடு, கருவித் தேய்மானம் ஆகியவற்றுக்கு ஆண்டில் 3,00,000 ரூபாய் என்றும், குடும்பச் செலவுக்கு 6,00,000 ரூபாய் என்றும் கொள்வோம். இந்த 9,00,000 ரூபாயை 25 பிரேம்களே சுமக்க வேண்டும். ஒன்றின் மேல் 36,000 ரூபாய் ஏறும். குழாய், பூண், பற்றாசு, வண்ணப் பூச்சு ஆகியவற்றுக்கு 20,000 ரூபாயைக் கூட்டினால் 56,000 ரூபாய். இலாபம் சேர்க்காத அடக்கவிலை இது.

தொடக்கக்காரரோ வேறு விதமாகக் கணக்கிடுகிறார். பொருளுக்கு 20,000, மணிக்கு 300 ரூபாய்க் கூலி வீதம் 40 மணிக்கு 12,000, ஆக 32,000 ரூபாய் என்கிறார். கேட்பவர் மகிழ்ந்து வாங்கிச் செல்வார். ஒவ்வொரு பிரேமிலும் 24,000 ரூபாய் குறைகிறது. 25 பிரேம்களுக்கு 6,00,000. அவருடைய குடும்பச் செலவு முழுவதும் போயிற்று. மனிதர் ஓயாது உழைக்கிறார். ஊரார் அவர் கைத்திறனைப் புகழ்கின்றனர். வீட்டில் அடுப்பெரியக் கடன் வாங்க வேண்டியிருக்கிறது. இது எவ்வாறு நேர்ந்தது என்பதே அவருக்கு விளங்குவதில்லை.

இதனினும் கொடியது முன்பணம். பெயர் பரவியதும் அறுபது பேர் வரிசையில் நிற்கின்றனர் என்று கொள்வோம். ஒவ்வொருவரிடமும் 15,000 ரூபாய் முன்பணம் வாங்கினால் 9,00,000 ரூபாய் கையில் சேரும். ஆண்டுக்கு 25 பிரேம்களே ஆகும் என்பதால், கடைசியில் நிற்பவர் ஏறத்தாழ இரண்டரை ஆண்டு காத்திருக்க வேண்டும். முதலாண்டு முடிவில் எஞ்சியிருக்கும் 35 பேருடைய 5,25,000 ரூபாய் பட்டறைக்காரரின் பணம் அன்று. அவர் காத்து வைத்திருக்கும் பிறர் பணம். அதைச் சென்ற ஆண்டின் வாடகைக்குச் செலவிட்டுவிட்டால், இனிச் செய்யும் பிரேம் ஒவ்வொன்றுக்கும் 41,000 ரூபாயே வரும், அடக்கமோ 56,000. பழைய கடனைத் தீர்க்கப் புதிய முன்பணம் வாங்கத் தோன்றும். வரிசை நீளும். விசாரிப்பவருக்கு விடை சொல்லக் கூசி, கடிதங்களைப் பிரிக்காமல் வைப்பார். கடைசியில் பட்டறை பூட்டப்படும்; நம்பிப் பணம் தந்தவர்கள் வெறுங்கையோடு நிற்பார்கள். இதில் பெரும்பாலும் எவரும் வஞ்சகர் அல்லர். எண்ணிப் பார்க்காதவர் மட்டுமே.

அனுபவசாலிகள் இதற்குச் சில வழிகளைக் கைக்கொள்கின்றனர். வரிசையில் இடம்பிடிக்கச் சிறு தொகை மட்டும் பெற்று, குழாய் வாங்கும் வேளையில்தான் பெருந்தொகை கேட்பது ஒன்று. முன்பணத்தைத் தனி வங்கிக் கணக்கில் வைத்து, பிரேம் முடிந்த பின்னரே எடுப்பது மற்றொன்று. மாதம் இரண்டு என்று தெரிந்தால் இரண்டுக்கு மேல் வாக்குக் கொடாமை இன்னொன்று. பழைய பிரேம்களைப் பழுதுபார்த்தல், மறுவண்ணம் பூசுதல், சக்கரம் கட்டுதல் ஆகிய சில்லறை வேலைகளால் அன்றாடச் செலவைச் சமாளிப்பவரும் உண்டு. இத்தாலியப் பட்டறைகள் பல, வேறு கம்பெனிகளின் பெயரொட்டி விற்கும் பிரேம்களைச் செய்து கொடுத்தே தளர்ந்த காலத்தைக் கடந்தன.

கற்பதற்கும் பொறுமை வேண்டும். 1972-இல் ரிச்சர்டு சாக்ஸ், பீட்டர் வைகல் போன்ற அமெரிக்க இளைஞர்கள் இத்தொழிலைக் கற்பதற்கென்றே கடல் கடந்து இலண்டன் சென்று, விட்கோம் என்னும் குடும்பப் பட்டறையில் வேலை பழகித் திரும்பினர். பின்னாளில் சாக்ஸின் கைவேலைக்கு வாடிக்கைக்காரர்கள் ஆண்டுக்கணக்கில் காத்திருந்தனர். இப்போது அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்திலுள்ள யுனைடெட் பைசைக்கிள் இன்ஸ்டிடியூட் போன்ற பள்ளிகளில் இதற்கெனக் குறுகிய காலப் பாடங்கள் நடக்கின்றன. பாடம் முடிந்தால் ஒரு பிரேம் கிடைக்கும், தொழில் கிடைத்துவிடாது. பத்துப் பிரேம்களேனும் தனக்கும் உறவினருக்கும் செய்து, ஓரிரண்டு ஆண்டு ஓட்டிப் பார்த்த பின்னரே பிறரிடம் காசு வாங்க வேண்டும் என்பது மூத்தோர் கூறும் நெறி.

நம் நாட்டில் சைக்கிள் தொழில் பெருந்தொழிலாகவே வளர்ந்தது. தமிழகத்தில் 1949-இல் தோன்றிய டி. ஐ. சைக்கிள்ஸ், பர்மிங்காமின் டியூப் இன்வெஸ்ட்மெண்ட்ஸ் குழுமத்தோடு சேர்ந்து அம்பத்தூரில் ஆலை அமைத்தது. ரெனால்ட்ஸ் நிறுவனமும் அன்று அக்குழுமத்தைச் சேர்ந்ததே. 1951-இல் சோனிப்பட்டில் அட்லஸும், 1956-இல் லூதியானாவில் ஹீரோவும் சைக்கிள் உற்பத்தி தொடங்கின. 1986-இல் ஹீரோ உலகிலேயே மிகுதியான சைக்கிள்களைச் செய்யும் நிறுவனம் என்று கின்னஸ் நூலில் இடம்பெற்றது. கோடிக்கணக்கான ஏழை எளியோர் கையில் மலிவான வண்டியைக் கொடுத்த அப்பணியை எவரும் குறைத்து மதிக்க இயலாது. ஆனால், பெருந்தொழிலும் நிலையானதன்று. அட்லஸ் நிறுவனம் சாஹிபாபாதில் இருந்த தன் கடைசி ஆலையை 2020-ஆம் ஆண்டு ஜூன் 3-ஆம் நாள், உலகச் சைக்கிள் தினத்தன்றே நிறுத்த நேர்ந்தது.

ஆலைகள் சராசரி மனிதனுக்குச் செய்கின்றன. சராசரியில் அடங்காதவர் எங்கும் உளர். நாலே முக்கால் அடி உயரமுள்ள பெண். ஆறரை அடி உயரமுள்ள ஆண். ஒரு கால் குட்டையானவர். வாரந்தோறும் இருநூறு முந்நூறு கிலோமீட்டர் நெடுந்தூரப் பயணம் செய்பவர். பின்னால் இரு குழந்தைகளை ஏற்றிச் செல்லும் தாய். சிறு பட்டறைக்கு இவர்களே வாடிக்கைக்காரர்கள். 

பஞ்சாபிலோ டில்லியிலோ வாழும் நம்மவருக்கு இதில் ஒரு வசதியும் உண்டு. லூதியானா நகரம் சைக்கிள் உதிரிப் பாகங்களின் ஊர். சைக்கிளுக்கும் தையல் இயந்திரத்திற்குமான ஆராய்ச்சி வளர்ச்சி மையம் ஒன்றும் அங்கே இருக்கிறது. டில்லியின் ஜண்டேவாலான் சைக்கிள் சந்தையும் எட்டும் தூரத்தில் உள்ளது. அரசாங்கத்தின் தொழிற்பயிற்சி நிலையங்களில் ஓராண்டு வெல்டர் பயிற்சி எம்மாநிலத்திலும் கிடைக்கிறது. தீயைக் கையாளும் பழக்கத்திற்கு அது நல்ல அடிப்படை. 2020 ஜூலை முதல் சிறுதொழில் நடத்துவோர் 'உத்யம்' பதிவைக் கட்டணமின்றிச் செய்துகொள்ளலாம். சொந்த ஊரைவிட்டு வந்தவர் என்பது அதற்குத் தடையன்று. மெல்லிய எஃகுக் குழாய்களைப் பெரும்பாலும் வெளிநாட்டிலிருந்து தருவிக்க வேண்டியிருக்கும். அதன் செலவையும் வந்துசேரும் காலத்தையும் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

இருக்கும் வேலையை உதறிவிட்டு நாளையே பட்டறை திறக்குமாறு நாம் எவருக்கும் கூறவில்லை. மாலைப் பொழுதிலும் விடுமுறை நாளிலும் கற்றுக்கொள்ளக் கூடிய தொழில் இது. கற்கும்போதே ஒரு குறிப்பேட்டில் இரண்டு கணக்குகளை எழுதி வருவது நல்லது. ஒவ்வொரு வேலைக்கும் உண்மையில் எத்தனை மணி ஆயிற்று என்பது ஒன்று. எந்தெந்த இணைப்பை அறுத்துப் பார்த்தோம், உள்ளே என்ன கண்டோம் என்பது மற்றொன்று. முதற்கணக்கு தன் குடும்பத்தைக் காக்கும். இரண்டாவது பிறர் குடும்பத்தைக் காக்கும். இவ்விரண்டிலும் தன்னையே ஏமாற்றிக்கொள்ளாதவர் எவரோ, அவரிடம் நம்பி அளவு கொடுக்கலாம், முன்பணமும் கொடுக்கலாம்.